பின்னால் நிற்கிறவன்

வண்டி விற்கிற கடைக்குள் கால் வைத்ததுமே நெட்டைக்குக் குமட்டியது. உள்ளே ஏதோ ஒரு வாசனையைத் தெளித்து வைத்திருந்தார்கள். பழமும் இல்லை, பூவும் இல்லை, பல் டாக்டர் அறையும் இல்லை, மூன்றையும் அரைத்துக் கலக்கிய மாதிரி ஒரு வாடை. காலையில் குடித்த காபி தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. தரையைத் துடைத்துத் துடைத்து அதில் முகம் தெரிகிற அளவுக்கு வைத்திருந்தார்கள். நெட்டை கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். முகம் தெரிகிற சாமான் எதன் மேலும் அவனுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. குனிந்து பார்க்காமல் நடந்தான்.

முன்னால் போன மாமாவுக்கு அந்த வாடை பிடித்திருந்தது போல. மூக்கை விடைத்து இழுத்து இழுத்து விட்டார். மாமா என்றால் நெட்டையின் அக்கா கணவர், கண்ணாடிக் கடை முதலாளி. அன்றைக்கென்று தலைக்குச் சாயம் அடித்து, அதில் பாதியைக் காது மடலில் பூசிக்கொண்டு வந்திருந்தார். பின்னாலேயே அக்கா, புதுச் செருப்பு கடித்ததில் கொஞ்சம் நொண்டிக்கொண்டு. பழைய வண்டி இனி ஓடாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டதால், புது பிக்கப் ஒன்று வாங்க மூன்று பேருமாகக் கிளம்பி வந்திருந்தார்கள்.

நெட்டையின் வேலை என்ன என்று இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கடையில் அளக்க ஒருவர் உண்டு, வெட்ட ஒருவர் உண்டு. நெட்டை பிடிக்கிறவன். பழைய வண்டியின் பின்னால் சரக்கு ஏற்றுகிற தொட்டியில் கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, பக்கச் சுவரில் சாய்த்து, நடுவே கிழிந்த மெத்தைத் துண்டைச் செருகி, கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். கயிற்றை இறுக்கினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும், தளர்த்தினால் ஆடும். அதனால் ஆள் ஒருவன் கூடவே நின்று, இரண்டு கையையும் விரித்து, நெஞ்சைக் கொடுத்து அதைத் தாங்கிக்கொண்டே போக வேண்டும். ஊரில் மற்ற கண்ணாடிக் கடைக்காரர்கள் எல்லாம் எப்போதோ வண்டிக்கு இரும்பு ஸ்டாண்டு மாட்டிவிட்டார்கள். சாய்வான சட்டம், ரப்பர் பட்டை, இழுத்துக் கட்ட நாலு பெல்ட், அவ்வளவுதான் அது. மாமா மட்டும் மாட்டவில்லை. வீட்டு ஆள் இருக்கும்போது இரும்பு எதற்கு என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லி, நெட்டையின் முதுகில் தட்டுவார். அதை நெட்டை ரொம்ப நாள் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தான். இப்போது நினைத்தால் தன் முகத்தில் தானே காறித் துப்பலாம் போல இருக்கும்.

போன வருடம் ஒரு குழியில் சக்கரம் இறங்கியதில் கண்ணாடி வெடித்து, நெட்டையின் இடது காதில் பாதி போய்விட்டது. இன்னும் ஒரு விரல் தள்ளிப் பட்டிருந்தால் கழுத்து நரம்பு, அப்புறம் என் கையில் ஒன்றும் இல்லை என்று தையல் போட்ட டாக்டர் சொன்னார். மாமா ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அடுத்த வண்டி எடுக்கும்போது முதல் காரியமாக ஸ்டாண்டுதான், மற்றதெல்லாம் அப்புறம் என்று சத்தியம் செய்தார். மூக்கைச் சிந்தி ஆஸ்பத்திரிப் போர்வையிலேயே துடைத்தார். நெட்டையின் மனைவி அழவில்லை. தினமும் கட்டைப் பிரித்து மருந்து போட்டவள் அவள். காயம் ஆறி அவன் மறுபடி வேலைக்குக் கிளம்பிய அன்று வாசலில் நின்று, "புது வண்டி வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன். அதுல ஸ்டாண்டு இல்லன்னா நீங்க ஏறக் கூடாது. அவ்வளவுதான்" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

ஆக, அன்றைக்கு அந்தக் கடையில் மாமாவுக்குத் தேவை ஒரு வண்டி. நெட்டைக்குத் தேவை தன் கழுத்து.

டை கட்டிய ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். கையில் டேப்லெட், காதில் ஒரு குமிழ், பேச்சில் மூச்சு விடுகிற இடமே இல்லை. இப்போதெல்லாம் பிக்கப் வாங்க வருகிறவர்கள் எவ்வளவு சுமை தாங்கும் என்று கேட்பதே இல்லையாம். கேட்டால் அவர்களைக் கொஞ்சம் பழைய ஆள் என்று நினைப்பார்களாம். சொல்லிவிட்டு மாமாவின் சாயத்தலையை ஒரு பார்வை பார்த்தான். மாமா சுமையைப் பற்றிக் கேட்பதற்காகத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினான். நாலு கதவு. பின்னால் மூன்று பேர் கால் நீட்டி உட்கார இடம். நடுவில் கடைப் பலகை அகலத்துக்கு ஒரு திரை. ஃபோனை வைத்தால் தானாகச் சார்ஜ் ஏறுகிற குழி. கதவு ஓரத்தில் நீலம், பச்சை, ஊதா என்று விளக்கு, மனநிலைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளலாமாம். நம் மனநிலை இப்போது எந்த நிறம் என்று நெட்டை யோசித்துப் பார்த்தான், அந்த நிறத்தில் விளக்கு இருக்காது என்று தோன்றியது. ஒரு குமிழைத் திருகினால் சேற்றில் போகும், மறுபடி திருகினால் மணலில் போகும், இன்னொரு முறை திருகினால் பனியில் போகும். அந்த ஊரில் பனி கொட்டியதை யாரும் பார்த்ததில்லை. மாமா பனிக் குமிழை மூன்று தடவை திருகி, திரையில் பூச்சி மாதிரி விழுந்த வெள்ளைப் பனியைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

சீட்டைத் தடவிப் பார்த்தார். சும்மா இல்லை, உள்ளங்கையால், மெதுவாக, கண்ணைச் சொருகிக்கொண்டு தடவினார். பார்க்கிறவனுக்கு உடம்பு கூசியது. இதே கைதான் தினம் எச்சில் தொட்டு நோட்டை எண்ணுகிறது, இதே கைதான் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று நெட்டை நினைத்தான். அருவருப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அக்காவை முன்சீட்டில் உட்கார வைத்து டைக்காரன் ஒரு பொத்தானை அழுத்தினான். சீட்டுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. முதுகில் யாரோ ஊதுகிற மாதிரி இருக்கிறது என்று அக்கா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். இன்னொன்றை அழுத்தினான். தலைக்கு மேல் கூரை விலகியது. கடையின் உயரமான விளக்குகள் அவள் முகத்தில் விழுந்தன. கண்ணாடித் தூசி பறக்கிற கடையின் பின்னறையில், ஜன்னல் இல்லாத மூலையில் கல்யாணம் ஆன நாளிலிருந்து கணக்கெழுதுகிறவள் அவள். அண்ணாந்து பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள்.  நெட்டைக்கு மற்றவர்கள் மேல் வந்த வெறுப்பு அவள் மேல் வரவில்லை.

சுற்றி வளைத்து ஒரு வழியாக ஸ்டாண்டு பேச்சு வந்தது. கண்ணாடி ஏற்ற ஒரு ஸ்டாண்டு மாட்ட வேண்டும் என்று மாமா மெல்ல, ஏதோ வெளியே சொல்லக் கூடாத நோயைச் சொல்கிற மாதிரி சொன்னார். டைக்காரன் முகம் சுருங்கியது. அதற்கென்று வேறு மாடல் இருக்கிறது, ஒர்க் பேக் என்று பெயர் என்றான். இரண்டே கதவு, நீளமான தொட்டி, பக்கச் சுவரில் ஸ்டாண்டு பொருத்த இடம் எல்லாம் உண்டு. கூரை திறக்காது, சீட் ஊதாது, திரை கிடையாது. இவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது பிரீமியம் பேக். இதில் தொட்டி குட்டை. பக்கச் சுவருக்குள் விளக்கு ஒயர் ஓடுவதால் எங்கேயும் துளை போடக் கூடாது, போட்டால் வாரண்டி போய்விடும். இரண்டில் ஒன்றுதான்.

மாமா ஒர்க் பேக் வண்டியைப் போய்ப் பார்க்கவில்லை. அது கடைக்கு வெளியே, வெயிலில், வெள்ளையாக, மொட்டையாக நின்றது. கண்ணாடிச் சுவர் வழியாக ஒரு தரம் பார்த்துவிட்டு, பிரீமியத்தின் கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு நெட்டை பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு மாப்ள. நிக்கறவன் நீ. உனக்கு எது வேணும்?"

டைக்காரன் பார்த்தான். அக்கா கூரையிலிருந்து கண்ணை இறக்கித் தம்பியைப் பார்த்தாள்.

"உங்க இஷ்டம் மாமா" என்றான் நெட்டை.

இந்த இடத்தில் அவனைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டலாம். ஆனால் அந்தக் குடும்பத்தின் பழக்கம் அது. அவர்கள் வீட்டில் யார் எதை நீட்டினாலும் முதல் தடவை வாங்க மாட்டார்கள். சாப்பிடுகிறாயா என்றால் வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார்கள், வயிறு ஒட்டிப் போயிருக்கும். கேட்டவர் விட மாட்டார், இரண்டாவது தடவை கேட்பார். அந்த இரண்டாவது தடவைதான் கணக்கு. முதல் தடவையே கையை நீட்டுகிறவனைப் பறக்காவெட்டி என்பார்கள். அதிலும் அக்கா கணவரின் கடையில் வேலை பார்க்கிற தம்பி, வெளியாள் முன்னால், எனக்கு இதுதான் வேண்டும் என்று வாயைத் திறந்தால், அக்காவுக்கல்லவா தலைகுனிவு. மாமாவும் அதே வீட்டில் விருந்து சாப்பிட்டுப் பழகிய மாப்பிள்ளைதான். ஒவ்வொரு விருந்திலும் இரண்டாவது தடவை கேட்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர். அவர் மறுபடி கேட்பார் என்று நெட்டை காத்திருந்தான்.

மாமா கேட்கவில்லை. "பாத்தியா, தங்கமான பையன்" என்று டைக்காரனிடம் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட எங்கே உட்கார வேண்டும் என்றார்.

காபி மெஷின் பக்கத்தில் நின்றபோது கேட்பார் என்று பார்த்தான். பேப்பரில் கடைசிக் கையெழுத்துக்கு முன்னால் கேட்பார் என்று பார்த்தான். திரும்பி வரும்போது ஆட்டோவில் மாமாவின் முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்து, இப்போதாவது கேட்பார் என்று எச்சிலை விழுங்கினான். மாமா வழியெல்லாம் கறுப்பு நிறம் நல்லதா, சாம்பல் நல்லதா என்று அக்காவிடம் விவாதித்துக்கொண்டு வந்தார். வீட்டில் மனைவி கேட்டதற்கு, ஸ்டாண்டு தனியாக வரும், கொஞ்சம் நாளாகும் என்று பொய் சொன்னான். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. மாமாவை விடத் தன்னைத்தான் பார்க்கப் பிடிக்காமல் இருந்தது அவனுக்கு. அன்று முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்காமலே கழுவினான்.

வண்டி வந்தது. கறுப்பு. கடை வாசலில் நின்று தெருவையே அடைத்துக்கொண்டது. சீட்டுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது என்று மாமா கட்டளை போட்டார். யாரும் செருப்போடு ஏறக் கூடாது, மோதிரம் போட்ட கையால் கதவைத் தொடக் கூடாது, பக்கத்தில் நின்று தும்மக் கூடாது. வெட்டுகிறவர் வண்டியைச் சுற்றி வந்து, தொட்டியைக் கையால் சாண் போட்டுப் பார்த்தார். இதில் ஜன்னல் கதவை ஏற்றலாம், வீட்டுக் கதவை ஏற்ற முடியாதே என்று முனகினார். பின்கதவைத் திறந்து போட்டால் எல்லாம் ஏறும் என்றார் மாமா. ஆயுசு முழுக்க அடுத்தவன் வீட்டு ஜன்னலை அளந்து அளந்து வெட்டிக் கொடுத்த கடையில், சொந்த வண்டியின் தொட்டியை வாங்கும் முன்னால் ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

முதல் சரக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. ஊரின் மறுகோடியில் புதிதாகத் திறக்கப் போகிற சலூன் ஒன்றின் சுவரை அடைத்து மாட்ட வேண்டியது. அதை ஏற்றியபோது பின்கதவைத் தாண்டி ஒரு கை நீளம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கயிற்று முடிச்சு பெயிண்டைக் கீறும் என்று மாமா கயிற்றை வேண்டாம் என்றுவிட்டார். பழைய போர்வை ஒன்றை நடுவில் சுருட்டி வைத்தார். "செருப்ப கழட்டிட்டு ஏறு மாப்ள" என்று சொல்லி, நெட்டையின் செருப்பைத் தானே ஒரு பையில் போட்டு முன்னால் வைத்துக்கொண்டார். முதல் ஓட்டம் என்பதால் அக்காவும் வந்தாள். கூரை திறந்தது, சீட் ஊதியது. நெட்டை தொட்டியில் ஏறி, கண்ணாடிக்கு உள்பக்கம் நின்று, மேல் விளிம்பில் இரண்டு கையையும் விரித்து, நெஞ்சைக் கொடுத்தான்.

மனைவியின் பேச்சு காதில் இருந்தது, முழுக் காதிலும் அரைக் காதிலும்.  ஏறு என்றார்கள், ஏறினான். இத்தனை வருடப் பழக்கத்தில் கால் தானாகத் தூக்கிவிட்டது, அதற்கு அப்புறம் கண்ணாடி மேல் வந்து சாய்ந்துவிட்டது, கையை எடுக்க முடியவில்லை.

தெருமுனை திரும்புவதற்குள் மாமா பின்ஜன்னல் பொத்தானை அழுத்தினார். கேபின் ஜன்னல் வழுக்கித் திறந்தது. "மாப்ள, உன்னை இங்கேருந்தே பாக்கறேன்" என்றார், குரலில் தேன் ஒழுக. தொட்டியைப் பார்க்க ஒரு கேமரா இருக்கிறதாம், டைக்காரன் சொல்ல மறந்துவிட்டானாம், இவரே கண்டுபிடித்தாராம். நெட்டை குனிந்து உள்ளே பார்த்தான். திரையில் அவன் இருந்தான். அவனையும் கண்ணாடியையும் சேர்த்துச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம். கட்டத்துக்குக் கீழே எழுத்து ஓடியது. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டான். "சரக்கு பத்திரமா இருக்காம்" என்று வாசித்துச் சொன்னார் மாமா. சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். 

அதோடு விட்டதா. அவன் காலை மாற்றி ஊன்றினால் பச்சைக் கட்டம் சிவப்பானது. சரக்கு நகர்கிறது என்று வண்டி கூவியது. மூக்கைச் சொறிந்தால் கூவியது. பின்கதவு திறந்திருக்கிறது என்று வேறு தனியாக ஒரு மணி அடித்துக்கொண்டே இருந்தது. "ஆடாம நில்லு மாப்ள, வண்டி கத்துது பாரு" என்று மாமா ஜன்னல் வழியாகச் சலித்துக்கொண்டார். நெட்டை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். சிக்னலில் வண்டி நின்றபோது பக்கத்தில் ஸ்கூட்டரில் வந்தவன் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரினான். இன்னொருவன் உதட்டைத் தூக்கி, பல் இடுக்கில் இருந்ததைச் சுண்டுவிரல் நகத்தால் நோண்டி எடுத்து, அது என்ன என்று பார்த்துவிட்டு, கண்ணாடி மேலேயே சுண்டினான். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலை இருப்பதை ஒருவனும் பார்க்கவில்லை.

பெரிய சாலை வந்தது. சாலையின் குறுக்கே காற்றில் ஒரு காலி சிமெண்டுப் பை உருண்டு வந்தது. அவ்வளவுதான், வெறும் பை. மாமா பிரேக்கில் கால் வைக்கக்கூட இல்லை. எதிரே எது வந்தாலும் தானாக நிற்கிற வசதி வண்டியில் இருந்தது, அதுவும் பிரீமியத்தோடு சேர்ந்ததுதான். வண்டி அறைந்தாற்போல் நின்றது. உள்ளே இருந்த இரண்டு பேரையும் பெல்ட்டு இறுக்கிப் பிடித்தது, சீட்டு தாங்கிக்கொண்டது. தொட்டியில் இருந்தவனை எதுவும் பிடிக்கவில்லை. அவன் கேபின் சுவரில் போய் மோதினான். கண்ணாடி அவனுக்குப் பின்னாலேயே வழுக்கி வந்து இடித்தது. மூலை உடைந்து ஒரு முக்கோணத் துண்டு அவனுடைய இரண்டு பாதத்துக்கும் நடுவில் விழுந்தது. உடைந்த விளிம்பு சட்டைக் காலரைக் கிழித்துக்கொண்டு வந்து கழுத்தில் நின்றது. குளிர்ச்சியாக இருந்தது. ஒரு கையால் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டான். மூச்சு விடவில்லை. வண்டி விடாமல் கூவிக்கொண்டிருந்தது.

மாமா இறங்கி வந்தார். வந்தவர் தொட்டியின் பக்கச் சுவரைப் பார்த்தார். விரலை எச்சில் தொட்டு ஒரு கோட்டின் மேல் தேய்த்தார், போகவில்லை, மறுபடி தேய்த்தார். "கீறிடுச்சே" என்றார். குரல் உடைந்தது. அதற்கப்புறம் கண்ணாடியைப் பார்த்தார். மூலைதானே, ஃப்ரேம் போட்டால் மறைந்துவிடும், சலூன்காரனுக்குத் தெரியாது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். கடைசியாகத்தான் நெட்டையைப் பார்த்தார்.

"நீ ஆடினியா மாப்ள?"

நெட்டை அந்த முகத்தைப் பார்த்தான். காது மடலில் சாயம், விரல் நுனியில் எச்சில், கண்ணில் ஒரு கோட்டுக்காகத் தேங்கி நிற்கிற தண்ணீர். ஆஸ்பத்திரியில் அழுதபோதும் இதே தண்ணீர்தான் வந்தது. இவரைப் போய் மாமா, மாமா என்று இத்தனை வருடம் வாய் நிறையக் கூப்பிட்டோமே என்று இருந்தது. கோபம்கூட வரவில்லை. சோற்றில் புழுவைப் பார்த்த மாதிரி இருந்தது. அதில் பாதிச் சோற்றை ஏற்கெனவே தின்றுவிட்டதும் ஞாபகம் வந்தது.

"கால்கிட்ட கண்ணாடித் துண்டு கிடக்கு மாமா. வெறுங்கால். ஏறி ஒரு நிமிஷம் பிடிங்க" என்றான்.

மாமா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பெயிண்டில் கை படாமல் பார்த்துப் பார்த்து ஏறினார். இரண்டு கையையும் விரித்து மேல் விளிம்பைப் பிடித்தார். உயரம் பற்றாமல் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றார். நெஞ்சைக் கொடுங்க, இல்லைன்னா சாயும் என்று நெட்டை சொல்லிக் கொடுத்தான். கொடுத்தார். நெட்டை கண்ணாடித் துண்டைப் பொறுக்கி ஓரமாக வைத்தான், பின்பக்கமாக இறங்கினான், முன்கதவைத் திறந்து தன் செருப்புப் பையை எடுத்தான். நிதானமாக மாட்டிக்கொண்டான்.

"என்னடா, எங்க கிளம்பிட்ட?" என்றாள் அக்கா.

"வீட்டுக்குக்கா."

தொட்டியிலிருந்து மாமா கத்தினார். விளையாடுகிறாயா, சலூன்காரன் காத்துக்கொண்டிருப்பான், என்ன திமிர் என்று ஆரம்பித்தவர், இவன் திரும்பிப் பார்க்கவில்லை என்றதும் நியாயம் பேசினார். "அன்னைக்கு உன்னைக் கேட்டுட்டுத்தானே வாங்கினேன்? எது வேணும்னு உன்கிட்டதானே கேட்டேன்?"

"ஒரு தடவைதான் கேட்டீங்க மாமா" என்றான் நெட்டை.

மாமாவுக்குப் புரிந்தது. புரிந்ததை முகம் காட்டிக் கொடுத்தது. அதைப் பார்க்கவும் நெட்டைக்குச் சகிக்கவில்லை. அப்படியானால் அன்றைக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது, தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு பேனாவைத் தேடியிருக்கிறார்.

அக்கா வண்டியை விட்டு இறங்கினாள். தம்பியின் கிழிந்த காலரை அப்போதுதான் பார்த்தாள். கை அந்தப் பக்கம் போனது, பாதியில் நின்றது. திரும்பிக் கணவரைப் பார்த்தாள். சுற்றிலும் வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போயின. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கண்ணாடியை விட்டால் அது மாமா மேலேயே சாயும்.

"நடு ரோட்டுல இப்படி விட்டுட்டுப் போனா அவர் என்னடா பண்ணுவார்?" என்றாள். கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டாள்.

"இத்தனை வருஷம் நான் என்ன பண்ணினேனோ அதைப் பண்ணட்டும்க்கா."

சொல்லிவிட்டு நடந்தான். பின்னாலிருந்து மாப்ள என்று குரல் வந்தது. முதலில் அதட்டலாக, பிறகு கொஞ்சலாக, பிறகு பயந்து போன கிழவன் குரலாக. கண்ணாடி உடைகிற சத்தம் வருகிறதா என்று தன் காது பின்னாலேயே போவது அவனுக்குத் தெரிந்தது. வர வேண்டும் என்று நினைக்கிறோமா, வரக் கூடாது என்று நினைக்கிறோமா என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த நினைப்பும் அருவருப்பாக இருந்தது. சுமை இறங்கினால் உடம்பு லேசாகும் என்பார்கள், அப்படி ஒன்றும் ஆகவில்லை. வாய் கசந்தது. சாலை ஓரத்து மரத்தடியில் உட்கார்ந்து காலையில் தின்றதை எல்லாம் வாந்தி எடுத்தான்.

வாயைத் துடைத்துக்கொண்டு மனைவிக்கு ஃபோன் போட்டான். ஸ்டாண்டு வரவே வராது, நான் சொன்னது பொய், அந்த வண்டியில் ஏறினேன், இப்போது இறங்கிவிட்டேன், இனி வேலை இல்லை என்று மூச்சு விடாமல் சொன்னான். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்ட அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.



"எங்கயாவது பட்டுதா?" என்று கேட்டாள்.

அவன் கையை வைத்துப் பார்த்தான். காலர் கிழிந்திருந்தது. தோலில் ஒரு கோடு, ரத்தம் இல்லை. ஒன்றும் படவில்லை என்றான்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கழுத்துல பட்டுதா?" என்று அவள் மறுபடி கேட்டாள்.

அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.